பைக்குக்குள் தண்ணீர் வந்த கதை

"ரேடியேட்டர் ஒழுகுது" என்று ஒருவர் சொன்னால் அவர் லாரிக்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வீட்டு வாசலில் ஒரு அம்பாசடர் நிற்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்துக் கணக்கு இது. பைக் வைத்திருப்பவருக்கு வேறு கவலைகள். பிளக் கறுக்கும், செயின் தொங்கும், கிளட்ச் கேபிள் அறும். தண்ணீர் மட்டும் ஒழுகாது. உள்ளே தண்ணீரே கிடையாதே! இன்றைக்குக் காலை தளி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று பாருங்கள். ஓசூர் சிப்காட்டுக்கும் ஆனேக்கல் பக்கமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் பையன்களின் வண்டிகளில், முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சல்லடை நிறைய தெரியும். அதுதான் ரேடியேட்டர்.

அந்தத் தண்ணீர் எப்போது, எந்த வழியாக பைக்குக்குள் வந்தது என்று ஆறேழு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆரம்பித்தது ஒரு ஒழுகலில்தான், அதைப் பிறகு சொல்கிறேன். தேடத் தேட ஒன்று புரிந்தது. தண்ணீர் எப்படி வந்தது என்ற கேள்வியும், அது ஒழுகினால் நம்ம ஊரில் யாரிடம் போவது என்ற கேள்வியும் வேறு வேறு இல்லை.

முதலில் ஒரு ஆச்சரியம். தண்ணீரால் குளிரும் பைக் என்பது புது நாகரிகம் இல்லை. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்ற உலகின் முதல் மோட்டார் சைக்கிளே தண்ணீர் வண்டிதான். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹில்டெபிராண்டும் வுல்ஃப்முல்லரும் 1894-ல் கொண்டுவந்த வண்டி அது. ஜெர்மன் மொழியில் பைக்குக்கு இன்றும் வழங்கும் 'மோட்டோராட்' என்ற பெயரை முதலில் சூட்டிக்கொண்டதும் அதுதான். 1489 சிசி, இரண்டு சிலிண்டர். ஆனால் திறன் வெறும் இரண்டரை குதிரை. தனியாக ரேடியேட்டர் எதுவும் இல்லை. பின்சக்கரத்து மட்கார்டையே இரட்டைச் சுவராகச் செய்து, அதற்குள் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். வண்டி ஓடும்போது மட்கார்டு மேல் காற்றுப் படும், தண்ணீர் ஆறும். அவ்வளவுதான் ஏற்பாடு.

கார்களும் அப்போது அப்படித்தான். பெர்த்தா பென்ஸ் அம்மையார் 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பெட்ரோலுக்கு அவர் மருந்துக்கடையில் நின்றதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட அதிக முறை அவர் நின்றது தண்ணீருக்கு. அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறை. போன தண்ணீர் போனதுதான், வழியில் கிணறோ ஓடையோ கண்ட இடத்தில் மறுபடி ஊற்ற வேண்டும். இதை மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் ஓட ஆரம்பித்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்கு அவர் செய்த தேன்கூடு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8070 குட்டிக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்று, குழாய்களைச் சுற்றித் தண்ணீர். அந்தப் பெரிய இன்ஜினுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீரே போதும் என்றாகிவிட்டது. அந்த 8070 குழாய்களின் ஓரமும் ஈயத்தால் பற்றவைத்தது. ஒழுகல் என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தம் அங்கேதான் பிறக்கிறது. ஆவியாகிப் போவதை யாரும் ஒழுகல் என்று சொன்னதில்லை. உள்ளேயே சுற்ற வேண்டிய தண்ணீர் வெளியே வந்தால்தான் அது கோளாறு.

பைக்கில் இந்த யோசனையைப் பிடிவாதமாக வைத்திருந்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட். 1908-ல் இருந்து அவர் பெயரில் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் தண்ணீரால் குளிர்ந்தவை. பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அந்த ஓட்டமே போதும். அடுப்பில் பருப்பு கொதிக்கும்போது பானைக்குள் நடப்பதுதான். 1912-லும் 1913-லும் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை அடுத்தடுத்து ஸ்காட் வண்டிகள் ஜெயித்தன. இருந்தும் பைக் உலகம் ஸ்காட் பின்னால் போகவில்லை. காரணம் எளிது. பைக் இன்ஜின் திறந்த வெளியில் நிற்கிறது, ஓடும்போது காற்று சும்மா கிடைக்கிறது. சிலிண்டரைச் சுற்றிப் பட்டை பட்டையாக ஃபின் வார்த்துவிட்டால் வேலை முடிந்தது. கனம் இல்லை, செலவு இல்லை, ஒழுக எதுவும் இல்லை. 1948-ல் வந்த வெலோசெட் எல்இ மாதிரி அங்கொன்று இங்கொன்றாகத் தண்ணீர் வண்டிகள் வந்தன. சத்தமே வராத அந்த 149 சிசி வண்டியை பிரிட்டிஷ் போலீஸ் ரோந்துக்கு விரும்பி வாங்கியது. தண்ணீர் உறை சத்தத்தையும் விழுங்கும் என்பது அதன் உபரி குணம்.

1971-ல் ஜப்பானில் சுசுகி ஜிடி750 வந்தபிறகுதான் காற்று திசை மாறியது. மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். நடுவில் மாட்டிக்கொண்ட சிலிண்டருக்குக் காற்று போதாது, அதனால் தண்ணீர். பிரிட்டன்காரர்கள் அதற்கு 'கெட்டில்' என்று பெயர் வைத்தார்கள், அமெரிக்கர்கள் 'நீர் எருமை' என்றார்கள். சில ஆண்டுகளில் ஹோண்டா கோல்டு விங், 1980-ல் யமஹா ஆர்டி350எல்சி. அந்த எல்சி என்பதே 'திரவத்தால் குளிர்வது' என்பதன் சுருக்கம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கு 1983-ல் எஸ்கார்ட்ஸ் மூலம் ராஜ்தூத் 350 என்று வந்ததும் ஆர்டி350தான். ஆனால் எல்சி இல்லை. அதற்கு முந்தைய, காற்றால் குளிரும் பதிப்பு. உலகம் தண்ணீருக்குப் போய் மூன்று வருடம் கழித்து நமக்கு ஃபின் வைத்த வண்டி வந்தது. நான் குறை சொல்லவில்லை. அன்றைய சாலைக்கும் அன்றைய மெக்கானிக்குக்கும் அதுவே சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதனால் நம் பைக் மெக்கானிக்குகள் கைபழக வேண்டிய ஒரு கட்டம் முழுசாகத் தாண்டிப்போய்விட்டது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். ஓசூர் பைக் ஊர் ஆனது 1980-ல். டிவிஎஸ் 50 அங்கே இருந்துதான் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு மூட்டை ராகியும் வைக்கலாம். 1984-ல் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100. 2001-ல் விக்டர், 2006-ல் அப்பாச்சி. எல்லாம் காற்று வண்டிகள். அங்கிருந்து வரும் எக்ஸ்எல் 100-ல் இன்றைக்கும் தண்ணீர் கிடையாது. சென்னையில் 1955 முதல் செய்யப்பட்ட புல்லட்டும் அப்படியே. ஆக, தேன்கனிக்கோட்டையிலும் கெலமங்கலத்திலும் தளியிலும் முப்பது வருடம் பைக் பிரித்துப் பூட்டிய ஒரு மெக்கானிக், தண்ணீரைத் தொட்டது வண்டி கழுவுவதற்கு மட்டும்தான்.

அதே ஓசூரில் தண்ணீரை நன்றாக அறிந்த இன்னொரு கூட்டம் இருந்தது. லாரிக் கூட்டம். சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் சாலைகள் கிருஷ்ணகிரியில் கூடி, சூளகிரி வழியாக ஓசூர் மேட்டுக்கு ஏறுகின்றன. பாரம் ஏற்றிய லாரி அந்த ஏற்றத்தில் கொதிக்காமல் வந்தால் டிரைவர் சாமிக்குத் தேங்காய் உடைப்பார். 1980-ல் அசோக் லேலண்டும் ஓசூரில் ஆலை வைத்தது. லாரி இருக்கும் இடத்தில் ரேடியேட்டர் ஒர்க்ஸ் இருக்கும். அந்தக் கடைகளின் கைவேலை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது நம் வீட்டு வாசலிலிருந்தே வந்திருக்கிறது. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச வருபவரை நினைவிருக்கிறதா? துருத்தி, கரி, நவச்சாரம், வெள்ளீயம். சூடேற்றி, நவச்சாரப் புகையில் பாத்திரத்தின் கறையை விரட்டி, ஈயத்தைத் துணியால் ஓட விடுவார். ரேடியேட்டர் கடைக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட அதே. பழைய லாரி ரேடியேட்டரில் குழாயும் தொட்டியும் பித்தளை, நடுவில் இருக்கும் தகடு செம்பு, இணைப்பெல்லாம் ஈயம். இருநூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் ஈயம் இளகும். மேல் தொட்டியைக் கழற்றிக் குழாய்க்குள் கம்பி விட்டு உப்பை எடுத்து, மறுபடி பற்றவைத்து மாட்டிவிடலாம். ஒரு ரேடியேட்டரை இப்படிப் பலமுறை பிரித்துப் பூட்டலாம். பழுது பார்ப்பதற்கான வழி அந்தப் பொருளுக்குள்ளேயே இருந்தது.

அலுமினியம் இதை மாற்றியது. 1970-களில் ஐரோப்பியக் கார்களில் ஆரம்பித்து, படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் அலுமினிய ரேடியேட்டர் வந்தது. செம்பை விடக் கனம் குறைவு, விலை குறைவு. ஆனால் அலுமினியத்தின் மேல் எந்த நேரமும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். சுரண்டி எடுத்தால் அடுத்த கணமே மறுபடி படியும். உலோகம் 660 டிகிரியில் உருகும், அந்தப் படலமோ 2000 டிகிரியைத் தாண்டினாலும் அசையாது. ஈயம் அதன் மேல் ஒட்டாமல் உருண்டு ஓடும், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி. தொழிற்சாலையில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஃபுளோரைடு கலந்த ஒரு பொடியைத் தூவி, நைட்ரஜன் நிரம்பிய உலைக்குள் சுமார் 600 டிகிரியில் மொத்த ரேடியேட்டரையும் ஒரே தடவையில் பற்றவைப்பது. ஆயிரக்கணக்கான இணைப்புகள் சில நிமிடங்களில் முடியும். அற்புதமான முறை. ஆனால் அதைச் சாலையோரக் கடையில் திரும்பச் செய்ய முடியாது. பல ரேடியேட்டர்களில் தொட்டி பிளாஸ்டிக், ரப்பர் வளையம் வைத்து அலுமினிய விளிம்பை மடக்கி இறுக்கியது. பழுது பார்ப்பதற்கான வழி பொருளை விட்டு வெளியே போய், ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கட்டத்தில்தான் இந்திய பைக்குக்குள் தண்ணீர் வருகிறது. 2008-ல் யமஹா ஆர்15. 149 சிசி, 17 குதிரைத்திறன். பழைய 350 சிசி புல்லட் கொடுத்தது கிட்டத்தட்ட அதே அளவுதான் என்று சொன்னால் தண்ணீரின் அருமை புரியும். சிலிண்டர் முழுக்க ஒரே சீரான சூட்டில் இருந்தால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளியைக் குறைக்கலாம், அழுத்தத்தைக் கூட்டலாம், வேகமாகச் சுற்ற விடலாம், புகை விதிகளுக்கும் சுலபமாக அடங்கும். 2012-ல் கேடிஎம் டியூக் 200-ம் பல்சர் 200என்எஸ்-ம் வந்தன. ஓசூரில் 2013-ல் டிவிஎஸ்-ம் பிஎம்டபிள்யூ-வும் ஒப்பந்தம் போட்டு, அதன் பலனாக ஜி310 வண்டிகளும், 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310-ம் வந்தன. 312 சிசி, 34 குதிரைத்திறன். டிவிஎஸ் 50 பிறந்த ஊரிலேயே ரேடியேட்டர் வைத்த பைக் பிறந்துவிட்டது, நடுவில் 37 வருடம்.

ஆனால் இந்த வண்டிகள் எல்லாமே அலுமினிய யுகத்தில் வந்தவை. ஸ்காட் காலத்துச் செம்பு பித்தளைப் பருவம் நம் பைக்குக்கு வாய்க்கவே இல்லை. பைக் மெக்கானிக்குக்குத் தண்ணீர் தெரியாது. ரேடியேட்டர் கடைக்காரருக்குத் தண்ணீர் தெரியும், அலுமினியம் கைக்கு அடங்காது. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் வண்டி நிற்கிறது.

என் வண்டியும் அங்கேதான் நின்றது. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா வண்டிக்கும் நடப்பதுதான். ஜவளகிரி காட்டோரமாகத் தளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன், பொழுது சாயும் நேரம். முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்தது காதில் கேட்டது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மீட்டரில் சிவப்பு விளக்கு. கீழே பார்த்தால் பச்சைத் தண்ணீர் இன்ஜின் மேல் சொட்டி ஆவியாகிறது, இனிப்பான ஒரு வாசனை. இந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாகத்தான் இறங்கும். இருட்டில் நிற்கக்கூடிய சாலை இல்லை. அப்படியே ஓட்டிப் போகலாமா என்றால், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், வண்டி விலையில் கால்வாசி அதற்கே போகும். பக்கத்து ராகிக் கொல்லையில் ஒரு வீடு இருந்தது. தள்ளிக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பெரியவர் ஓடி வந்து வண்டியைப் பார்க்க வந்த பேரனைப் பிடித்து இழுத்து, என்னிடமும் சேர்த்துச் சொன்னது கன்னடத்தில்: "பிசி இதெ, முட்டபேடி." சூடா இருக்கு, தொடாதீங்க. அவரிடம் டிராக்டர் இருக்கிறது, அதனால் ரேடியேட்டர் மூடியின் குணம் தெரிந்திருக்கிறது. எத்தனை பைக் ஓட்டிகளுக்குத் தெரியும்?

அந்த மூடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. தளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வைத்த ஊர், இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்போடு மலர் சாகுபடி மையம் வைத்திருக்கிற ஊர். இங்கே திறந்த பானையில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊர் குளிர்ச்சி என்பதால் இன்ஜினுக்குச் சலுகை கிடையாது. பெட்ரோல் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எந்த ஊரிலும் ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் மூடியில் ஒரு ஸ்பிரிங் வைத்து, உள்ளே குக்கர் மாதிரி அழுத்தம் ஏற்றுகிறார்கள். 1.1 பார் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டிப் போய்விடும். சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் போய், உள்ளே இருக்கும் 110 டிகிரித் தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து ஆவியோடு பொங்கும். முகத்தில் அடிக்கும். கையால் தொட்டுச் சூடு தெரியாத அளவு ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. அரை மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒழுகல் என்றதும் ரேடியேட்டர் மேல் பழி போட வேண்டியதில்லை. ஹோஸ் கிளிப் தளர்ந்தாலும் ஒழுகும், மூடி ரப்பர் காய்ந்தாலும் ஒழுகும். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது ஒழுகுவதற்கென்றே விட்டது. பம்பின் அச்சில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல். இரண்டுக்கும் நடுவே இந்த ஓட்டை. தண்ணீர்ச் சீல் தேய்ந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் வெளியே சொட்டட்டும் என்று வைத்த எச்சரிக்கை அது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். பிறகு இன்ஜின் ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்து நிற்கும். என் வண்டியில் பம்ப் சுத்தம், ஹோஸ் சுத்தம். ரேடியேட்டரின் நடுக் குழாய் ஒன்றில் ஊசி முனை அளவு ஓட்டை, சுற்றிலும் கூலன்ட் காய்ந்த பச்சைப் பூ.

சர்வீஸ் சென்டரில் ரிப்பேர் கிடையாது, புது ரேடியேட்டர்தான் என்றார்கள். பார்ட் வரப் பத்து நாள். எனக்குப் பரவாயில்லை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டலாம். பக்கத்தில் அதே கவுண்டரில் நின்ற பையனுக்கு அப்படி இல்லை. அவனும் அதே மாதிரி ஒழுகல்தான். ஓசூரில் காண்ட்ராக்ட் வேலை, காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு, அவன் கிராமத்திலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பத்து நாள் வண்டி இல்லை என்றால் பத்து நாள் சம்பளம் இல்லை, அப்புறம் வேலையும் இருக்குமா என்பது சந்தேகம். "அண்ணா, வேற வழியே இல்லீங்களா?" என்று அவன் என்னிடம் கேட்டதால்தான் நான் லாரி பக்கம் தேடிப் போனேன்.

ஓசூரில் ஒரு பழைய ரேடியேட்டர் கடை. பாய்க்கு எழுபது வயசு இருக்கும். என் ரேடியேட்டரை வாங்கி ஒரு வாயை ரப்பரால் அடைத்து, இன்னொரு வாயில் காற்று ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கினார். குமிழ் வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டார். முப்பது வினாடி. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பித்தளைன்னா குடுங்க தம்பி, டீ ஆறுறதுக்குள்ள ஊதித் தந்துடுறேன். இது வெள்ளைச் சரக்கு. ஈயம் உக்காராது."

"மஞ்சத்தூள் போட்டா நிக்குமா பாய்?" என்று கேட்டேன். சிரித்தார். லாரியில் நின்றிருக்கிறதாம், ஊர் போய்ச் சேரும்வரை. பைக் குழாய் தட்டை, உள்ளே தீப்பெட்டிக் குச்சி போகும் சந்துகூட இருக்காது. மஞ்சள் ஓட்டையை அடைக்கும் முன்னால் குழாயை அடைக்கும். இந்த மஞ்சள் வைத்தியத்தை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் கூலன்டில் போடக் கொடுத்த அடைப்பு மாத்திரையில் பொடித்த இஞ்சி இருந்தது. மஞ்சளும் இஞ்சியும் தாவரவியலில் ஒரே குடும்பம். டெட்ராய்ட்டும் நம் லாரி டிரைவரும் தனித்தனியாக ஒரே கிழங்குக் குடும்பத்தில் போய் நின்றிருக்கிறார்கள்.

பாய்தான் வழி காட்டினார். "சிப்காட் பக்கம் ஆர்கன் போடுறவங்ககிட்ட போங்க. அவங்களுக்கு வெள்ளை வசப்படும்." ஆர்கன் வெல்டிங் என்பது டங்ஸ்டன் முனையில் தீப்பொறி எழுப்பி, காற்று படாமல் ஆர்கன் வாயுவால் போர்த்திப் பற்றவைக்கும் முறை. மாறுமின்சாரத்தில் வைத்தால் அந்தத் தீப்பொறியே ஆக்சைடு படலத்தைப் பெயர்த்துவிடும். நவச்சாரம் செய்த வேலையை இங்கே மின்சாரம் செய்கிறது. ஓசூரில் இந்தத் திறமை ரேடியேட்டருக்காக வளரவில்லை. பெரிய ஆலைகளுக்கு ஜிக்கும் டையும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளில், உடைந்த அலுமினிய வார்ப்புகளை ஒட்டி ஒட்டி வளர்ந்தது. எனக்குச் செய்து கொடுத்தவரும் அப்படி வந்தவர்தான். முதலில் குழாயைப் பற்றவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தகடு அத்தனை மெல்லிசு, பொறி பட்டதும் ஓட்டை பெரிசாகும். அதற்குப் பதில் அந்த ஒரு குழாயின் இரண்டு முனையையும் தொட்டியோடு சேரும் இடத்தில் மூடினார். என் ரேடியேட்டரில் தொட்டியும் அலுமினியம் என்பதால் இது நடந்தது, பிளாஸ்டிக் தொட்டி என்றால் நடக்காது. இருபது சொச்சம் குழாயில் ஒன்று போயிற்று, மற்றவை வேலை செய்கின்றன. 450 ரூபாய். அந்தப் பையனின் வண்டியையும் அன்று மாலையே முடித்துக் கொடுத்தார்.

இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒன்று, ஊற்றும் தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரின் லட்சணம் தெரிந்ததே. ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கிறது என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. ரேடியேட்டருக்கு ஃபுளோரைடு பிரச்சினை இல்லை. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும்தான் பிரச்சினை. சுண்ணாம்பு குழாய்க்குள் படியும், குளோரைடு அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். அவசரத்துக்கு ஊற்றி வீடு வந்து சேரலாம், அதோடு விட்டுவிடக் கூடாது. வடித்த நீரும் கூலன்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும். இரண்டாவது, பழைய கூலன்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும். வாசலில் கொட்டினால் நாய் நக்கும், கன்றுக்குட்டி நக்கும். நான் அந்தக் கொல்லை வீட்டு வாசலில் சொட்டியதை மறுநாள் மண்ணோடு வாரி எடுத்தது அதனால்தான். அவர்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு.

ஆர்கன் பட்டறை தேடிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. போர்டில் ரேடியேட்டர் என்ற சொல் இருக்காது. டை ரிப்பேர், வார்ப்பு ஒட்டுதல் என்றுதான் எழுதியிருப்பார்கள், கேட்டுத்தான் போக வேண்டும். வண்டியை அப்படியே கொண்டுபோய் நிறுத்தாதீங்க. ரேடியேட்டரை மட்டும் கழற்றி, கூலன்டை வடித்து, இரண்டு முறை தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து எடுத்துப் போங்க. ஈரம் இருந்தால் வெல்டிங் உள்ளே குமிழ் விடும், அவர் தொடவே மாட்டார். முடிந்தால் பாய் கடையில் முதலில் முக்கிப் பார்த்து, சாக்பீஸ் வட்டத்தோடு கொண்டுபோங்க. அந்த வட்டத்துக்கு அவர் என்னிடம் காசு வாங்கவில்லை, நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.